இரவல் போன தூரம்

போன வசந்தத்தில் எனக்கும் அம்மாவுக்கும் இடையில் இருந்த தூரத்தை ஒரு கண்காட்சிக்கு இரவல் கொடுத்தோம். நான் இருப்பது ராட்டர்டாமில். அம்மா அருப்புக்கோட்டையில் இருக்கிறாள். கேட்டு வந்தவர் ஹில்டெ என்ற கலைஞர். வெளியூர்களிலிருந்து வந்து குடியிருப்பவர்களின் தூரங்களைச் சேகரித்து, துறைமுகத்தை ஒட்டிய பழைய கிடங்கு ஒன்றில் காட்சிக்கு வைக்கப்போவதாகச் சொன்னார். மே மாதக் கடைசியில் கண்காட்சி முடிந்ததும் பத்திரமாகக் கொண்டுவந்து பழையபடி போட்டுவிடுவார்களாம். சும்மா கிடப்பதுதானே என்று சம்மதித்தேன்.

என் மனைவி செல்வகனியிடமும் கேட்டார். அவளுடைய அம்மா கோவில்பட்டியில் இருக்கிறார். "என் தூரம் எனக்கு வேணும்" என்று கனி கதவருகில் நின்றபடியே சொல்லி அனுப்பிவிட்டாள். அதைப் பற்றி நான் மேற்கொண்டு பேசவில்லை. குடும்பம் நடத்துகிறவனுக்கு எங்கே வாயை மூடவேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அம்மாவுக்கு போன் செய்து கேட்டேன். பாதி அவளுடையதுதானே.

"குடேன். அழுக்காக்காமத் திருப்பித் தருவாகளான்னு மட்டும் கேட்டுக்க" என்றாள்.

வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு பேர் ஒரு சனிக்கிழமை காலையில் வந்து, பால்கனியிலிருந்து தொடங்கினார்கள். கல்யாணம் முடிந்து ஜமக்காளம் சுருட்டுவது போல ஒருவர் சுருட்டிக்கொண்டே போக, மற்றவர் தூசி தட்டிக்கொண்டே போனார். கடல் வந்த இடங்களில் மட்டும் நின்று பிழிந்துவிட்டுச் சுருட்டினார்கள். மாலைக்குள் வேலை முடிந்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் பால்கனிக் கதவைத் திறந்தேன். வழக்கமாகத் தெரியும் வாய்க்காலும் எதிர்க்கரை மரங்களும் இல்லை. அம்மாவின் அடுக்களை இருந்தது. அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு ஒன்று வெடித்து எங்கள் பக்கம் வந்து விழுந்தது.

"கதவச் சாத்துய்யா, குளுரு வருது" என்றாள்.

நேர வித்தியாசத்தை ஹில்டெ கேட்கவில்லை. ஆகவே அது இருந்த இடத்திலேயே இருந்தது. அம்மா சுடச்சுட இட்லி கொண்டுவரும்போது நாங்கள் ஆழ்ந்த உறக்கத்தில் இருப்போம். வேலை முடிந்து வந்து நான் கதவைத் திறந்தால் அவள் விளக்கை அணைத்துப் படுத்திருப்பாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுக்கு ஒத்துவந்தன. அம்மா பெண்கள் பள்ளிக்கு எதிரே ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறாள். ரிப்பன், கிளிப், வளையல், பொட்டு. கோடை விடுமுறையில் கடைக்குப் பெரிய வேலை இல்லாததால் அவளுக்கும் இந்த ஏற்பாடு தோதாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று குடியேற்ற அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவைத்தேன். தூரம் எதையும் கடக்காமல் வருகிறவருக்கு விசா தேவையில்லை என்றார்கள்.

ஆரம்பத்தில் ஒரு மனத்தாங்கல் வந்தது. அம்மா தூக்குவாளியில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தாள். கனி அதைப் பாத்திரம் கழுவும் எந்திரத்தில் போட்டு, பளபளவென்று திருப்பிக் கொடுத்தாள். அம்மா மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். மூடியைத் திரும்ப அழுத்தி மூடினாள். அடுத்த இரண்டு நாள் பால்கனிக் கதவு அந்தப் பக்கமிருந்து தாழ் போட்டிருந்தது. வெறும் பாத்திரத்தைத் திருப்பியிருக்கிறோம் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். கனிக்குத் தெரியாததல்ல. இந்த ஊரில் யாரும் பாத்திரத்தோடு வீட்டுக்கு வராததால் எங்களுக்கே அது மறந்துபோயிருந்தது.

நான் பாலாடைக்கட்டி ஆலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை செய்கிறேன். ஆலையில் நன்றாக முதிர்ந்த கட்டியாகப் பார்த்து வாங்கிவந்து கொடுத்தேன். கனி அதை ஒரு கிண்ணத்தில் வைத்துக் கதவைத் தட்டினாள்.

அம்மா வாங்கி முகர்ந்து பார்த்தாள். "கெட்டுப்போனதுன்னாலும் குடுக்கணும்னு தோணுச்சே தாயி, அது போதும்" என்றாள்.

அதன் பிறகு எந்தப் பாத்திரமும் இரண்டு பக்கமும் வெறுமையாகப் போனதில்லை.

மே மாதம் பாதி கழிந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அப்பா இறந்தபோது நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. எனக்காக வைத்திருந்த மாலையை அப்பாவின் படத்துக்குப் போட்டேன். அன்று முதல் ஊரிலிருந்து வேளை கெட்ட வேளையில் போன் வந்தால் முதல் மணியிலேயே ஓடிப்போய் எடுப்பேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, தனியாக இருக்கிறாள். இப்போது அவள் இருமினால் எனக்குக் கேட்கிறது. கூப்பிட்டால் ஓர் எட்டில் போய்விடலாம். இதை எப்படித் திரும்ப இழப்பது? தூரம் வரும் நாளில் அம்மா எங்கள் பக்கம் இருந்துவிட்டால் என்ன என்று யோசித்தேன்.

கனியிடம் சொன்னேன். "அத்தை இருக்கட்டுமே. அந்தச் சின்ன ரூம் சும்மாதான கெடக்கு" என்றாள்.

ஹில்டெயிடம் போனில் கேட்டேன். தாராளமாகச் செய்யலாம் என்றார். ஆனால் தூரம் யாராவது இரண்டு பேருக்கு நடுவில் விரிந்தாக வேண்டும், அதுதான் அதன் இயல்பு. அம்மா எங்களோடு இருந்தால் அது வீட்டுக்குள்ளேயே விரியும். இதற்கு முன் வேறொரு நகரத்தில் ஒருவர் தன் தம்பியை இப்படி இந்தப் பக்கம் இருத்திக்கொண்டாராம். தூரம் வந்து அவர்களுடைய சாப்பாட்டு மேஜையில் விரிந்துவிட்டது. இப்போது அந்த வீட்டில் உப்பைக் கேட்டால் தபாலில் வருகிறது. "உங்கள் வீட்டில் இடம் இருந்தால் யோசித்துப் பாருங்கள்" என்றார் ஹில்டெ.

எங்கள் கூடம் கொஞ்சம் பெரியதுதான். சோபாவைச் சுவரோரம் தள்ளினால் சமாளிக்கலாம் என்று எனக்குப் பட்டது. அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"மொதல்ல அதை என் கண்ணுல காட்டு" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கண்காட்சிக்குப் போனோம். அம்மா சுங்குடிச் சேலைக்கு மேல் என் ஸ்வெட்டரையும், காலில் கனியின் காலுறையையும் போட்டுக்கொண்டாள். டிராமில் ஏறியதும் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவருக்கு நகர்ந்து இடம் கொடுத்து, எந்த ஊர் என்று தமிழில் விசாரித்தாள். அவரும் ஏதோ சொன்னார். இறங்கும்வரை பேசிக்கொண்டே வந்தார்கள்.

கிடங்கு உள்ளே உயரமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. இவ்வளவு பேர் கூடியிருக்கும் இடம் இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. கோயில் கருவறைக்கு முன்னால் திரை விலகும் நேரத்தில் ஒரு நொடி எல்லோரும் மூச்சைப் பிடிப்பார்களே, அந்த நொடி அங்கே முடியவே இல்லை. முதலில் ஒரு சிரியப் பல் மருத்துவரின் தூரம் இருந்தது. பல இடங்களில் கிழிந்து, வேறு வேறு துணியில் ஒட்டுப் போட்டது. அதன் முன்னால் நின்றவர்கள் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றியிருந்தார்கள். அம்மாவும் கழற்றினாள். அதை அடுத்து ஒரு கண்ணாடிப் பெட்டியில் தீப்பெட்டி அளவில் ஒன்று. இதே ஊரில் ஒரே கட்டடத்தில் மேல் வீட்டிலும் கீழ் வீட்டிலும் குடியிருக்கும் அண்ணன் தம்பிக்கு நடுவில் உள்ள தூரம். வெளியூர்க்காரர்களுடையது இல்லை என்றாலும் அவர்களே வந்து கெஞ்சிக் கொடுத்தார்களாம். குனிந்து பார்த்தேன். அதன் மறுமுனை தெரியவில்லை.

எங்களுடையது கூடத்தின் கடைசியில் தொங்கியது. அத்தனை நீளத்தையும் நீட்டிப் போட அங்கே இடம் ஏது? சேலைக்குக் கொசுவம் வைப்பது போல மடித்து மடித்து, கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு முனை ஈரச் சாம்பல் நிறம். மறுமுனையில் கரிசல் மண் ஒட்டியிருந்தது. சொன்ன சொல் தவறாமல் அழுக்காக்காமல்தான் வைத்திருந்தார்கள்.

தூரத்தைப் பார்க்கும்போது பார்வை அதன் வழியாகப் போய்விடும். மறுமுனையைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பும். அதுவரை உட்கார்ந்திருப்பதற்காக எதிரே ஒரு நீளமான மர பெஞ்சு போட்டிருந்தார்கள். பெஞ்சுக்குப் பொறுப்பாக ஒரு காவலாளி அம்மாள் நின்றார். பார்வை வந்து சேருமுன் எழுந்துவிடாதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா உட்கார்ந்து பெஞ்சைத் தடவிப் பார்த்தாள். "நல்ல பெஞ்சு. தேக்கா?" என்றாள். காவலாளிக்குத் தெரியவில்லை.

முதலில் நான் பார்த்தேன். என் பார்வை எங்கள் வாய்க்காலைத் தாண்டி, ஈரப் புல்வெளிகளைத் தாண்டிப் போயிற்று. பனி மூடிய மலைகள் வந்தன. கறுப்பாக ஒரு கடல், பிறகு விளக்கே இல்லாத பாலைவனம், அதன் ஓரத்தில் ஒரு விமான நிலையம், மறுபடி கடல். கடலுக்கு அப்பால் வெயிலில் பருத்திக் காடும் பஸ் நிற்கும் தார் ரோடும் தெரிந்தன. இந்தத் தூரத்தை நான் எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். ஜன்னலை மூடிய விமானத்தில், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாயைப் பிளந்து தூங்கியபடி. ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நம்முடையது இவ்வளவு பெரியதா என்று மலைத்துப்போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் அதைப் பார்த்துக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

என் பார்வை திரும்பி வந்தபோது அம்மாவின் பார்வை போயிருந்தது. கண் திறந்திருந்தது, அதில் ஆள் இல்லை. வெகுநேரமாகியும் வரவில்லை. கனி நாலைந்து முறை கூடத்தைச் சுற்றிவிட்டு வந்தாள். எங்களுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தவர்கள் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். காவலாளி ஒரு போர்வை கொண்டுவந்து அம்மாவின் முழங்காலில் போட்டார்.

"இவருடைய பார்வை நடந்தே போகிறது. கொஞ்சம் நேரமாகும்" என்றார்.

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று அம்மா பேசினாள். குரல் மட்டும் இங்கே இருந்தது.

"ஏய்யா, அப்பா செத்தன்னைக்கு நீ எங்குன ஒக்காந்திருந்த?"

"நடுவுலம்மா. பாலைவனம் முடியிற எடத்துல ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடம் இருக்கும். அதுக்குள்ள ஒரு பச்சை நாற்காலி. அடுத்த பிளேன் வரவரைக்கும் அதுலதான் இருந்தேன்."

"கட்டடம் இருக்கு. பச்சை நாற்காலியக் காணோம். எடுத்துட்டாக போல, வெறுந்தரையாக் கெடக்கு." பிறகு கேட்டாள். "அன்னைக்கு ஏதாச்சும் சாப்பிட்டியா?"

"இல்லம்மா."

அந்த இடத்தில் அவள் நின்றுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. மிச்சத் தூரத்தை எப்போது நடந்து முடித்தாள், எப்போது திரும்பினாள் என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தபோதுதான் பார்வை வந்துவிட்டது என்று காவலாளி சைகை காட்டினார்.

"இம்புட்டுத் தூரமாய்யா வந்துருக்க?" என்றாள் அம்மா. "போன்ல பேசயில பக்கத்துத் தெரு மாதிரில்ல இருந்துச்சு."

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நானும் என்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. அம்மா என் தலையைத் தடவினாள். கனி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கோவில்பட்டித் தூரம் எப்படி இருக்கும் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

அப்போது ஹில்டெ வந்தார். இந்தத் தூரத்தின் மறுமுனைக்காரர் வந்திருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அம்மாவுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். மொழிபெயர்த்தேன்.

"நல்லா வச்சிருக்க, தாயி. மடிப்புக் கலையாம வச்சிருக்க" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "இவ இரவல் வாங்குனதை வெறுமனயாவா திருப்பிக் குடுப்பா? ஒரு கைப்பிடி சர்க்கரை கூட வைக்காம?" என்று கேட்டாள்.

நான் அதையும் மொழிபெயர்த்தேன். ஹில்டெயின் முகம் சிவந்துவிட்டது. இப்படி ஒரு முறை இருப்பது தனக்குத் தெரியாது என்றும், மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னார். இதற்கு முன் திருப்பிக் கொடுத்த தூரங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பவர் போல வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிராமில் திரும்பும்போது அம்மா சொன்னாள்.

"அதை வீட்டுக்குள்ள போட்டா நீங்க எப்பிடி நடமாடுவீக? நீ ஒரு மூலையில நிப்ப, இவ ஒரு மூலையில நிப்பா. வேணாம்யா. அது கெடந்த எடத்துலயே கெடக்கட்டும். நான் அந்தப் பக்கமே இருந்துக்கிறேன்."

"கூடத்துல சோபாவத் தள்ளிப்போட்டா எடம் இருக்கும்மா."

"போடா கூறுகெட்டவனே. அதுல ஒரு பாலைவனமே கெடக்கு, சோபாவத் தள்ளுறானாம்." கனி சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை. "பள்ளிக்கூடம் வேற தெறக்குது. பிள்ளைகளுக்கு ரிப்பன் யாரு குடுப்பா?"

"அப்பாவுக்கு ஆன மாதிரி ஆயிருச்சுன்னா நான் என்னம்மா பண்ணுவேன்?"

எவ்வளவோ நாளாக நெஞ்சில் கிடந்தது அன்று டிராமில், அத்தனை பேருக்கு நடுவில் வெளியே வந்துவிட்டது. அம்மா ஜன்னல் வழியாகத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா ஆகட்டும். அன்னைக்கு நீ எங்குன இருக்க, என்ன பண்றன்னு ஒண்ணும் தெரியாம வாசல்லயே நின்னேன். இனி நீ வர்ற வழி எனக்குத் தெரியும்ல."

கண்காட்சி முடிந்த மறுநாள் தூரம் வந்தது. கனியும் நானும் எங்கள் பக்கம் நின்றோம். அம்மா அவளுடைய அடுக்களையில் நின்றாள். கையுறைக்காரர்கள் இருவரும் சுருளைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொண்டுபோனதைவிடக் கனமாக இருப்பதாக அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கூடவே வந்திருந்த ஹில்டெ என் கையைக் குலுக்கினார். அம்மா சட்டியில் எண்ணெய் ஊற்றிக் கடுகைப் போட்டாள். விரிக்க ஆரம்பித்தார்கள். அடுப்பு, ஜன்னல், அம்மாவின் சேலை என்று ஒவ்வொன்றாகச் சிறுத்துக்கொண்டே போயின. கடைசியில் தாளிக்கும் வாசம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது.

"கதவச் சாத்துய்யா" என்று எங்கிருந்தோ கேட்டது. சாத்தினேன். மறுபடி திறந்தபோது வாய்க்காலும் மரங்களும் இருந்தன.

அந்த வாரம் முழுக்க நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஆலையில் நல்ல பாலாடைக்கட்டியைக் கெட்டது என்று ஒதுக்கிவைத்துத் திட்டு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தது. வழக்கம்போல ஓடிப்போய் எடுத்தேன்.

"எங்கய்யா இருக்க?" என்றாள் அம்மா.

"வீட்டுலதாம்மா. நீ எங்க இருக்க?"

"நான் வந்து ஒக்காந்துட்டேன். கண்காட்சியில போட்டிருந்தாகள்ல, அந்தப் பெஞ்சு. இரவல் வாங்குன அந்தப் பொண்ணு அதைக் கொண்டாந்து, கண்ணாடிக் கட்டடத்துக்குள்ள நீ ஒக்காந்திருந்த எடத்துலயே போட்டு வச்சிருக்கா. நல்ல குடும்பத்துப் பிள்ளை." யாரோடோ பேசிவிட்டு மறுபடி வந்தாள். "சோறு ஆறுது, வெரசா வா. அன்னைக்குச் சாப்பிடாததையும் சேத்துச் சாப்பிடணும். பெஞ்சோட அந்தக் காவக்கார அம்மாவையும் சேத்து அனுப்பிட்டாக. அவுகளுக்கும் சேத்துத்தான் கொண்டாந்துருக்கேன். கனியவும் கூட்டிட்டு வா."

கனிக்கு அன்று தலைக்குக் குளித்து ஈரம் காயவில்லை. அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லச் சொன்னாள். போன வாரம் எங்களிடமே தங்கிவிட்ட அம்மாவின் தூக்குவாளியை எடுத்துத் துடைத்து, அதில் பாலாடைக்கட்டி வைத்தாள். பிறகு காவலாளியை நினைத்து இன்னொரு துண்டு சேர்த்து வைத்தாள். நான் காலுறையை மாட்டிக்கொண்டு, பால்கனிக் கதவைத் திறந்து இறங்கினேன். பாதித் தூரம்தான்.